பச்சைக் கூழின் நான்காவது வரி

1.

இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும்:

மேசை எண் ஏழு. தண்ணீர் ஓடாத நீரூற்றுக்கு வலப்பக்கம், சுவரோரம். சுவரை ஒட்டிய நீள இருக்கையில், சமையலறைக் கதவைப் பார்த்தபடி நாகரத்தினம். அவளுக்கு இடப்பக்கம் கமருன்னிசா. எதிர் நாற்காலிகளில், கதவுக்கு முதுகு காட்டி, இருவரின் கணவர்களான நஞ்சுண்டனும் நூர் முகம்மதுவும். மேசையின் தலைமாட்டில் நாகரத்தினத்தின் மகள் வான்மதி. ஆறாவது ஆள் உணவகத்தின் சொந்தக்காரர் பெஹ்சாத். அவர் உட்காரவில்லை, கையில் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார்.

நாள்: 2025, மார்ச் மாதத்து மூன்றாவது ஞாயிறு. நேரம்: பகல் ஒன்றேகால்.

இதை இவ்வளவு கறாராக எழுதுவதற்குக் காரணம் உண்டு, வாசகரே. யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கேள்வி பின்னால் எழும். அப்போது இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

கதை எங்கே பிறந்தது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரொட்டியால் துடைத்தெடுத்து, அடியில் இருந்த நீலப் பூவேலை தெரிகிற அளவுக்குக் காலியான ஒரு கிண்ணத்தில். அந்தக் கிண்ணத்தை நஞ்சுண்டன் பார்த்தது 2006இல். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தது இந்த வாரத் திங்கட்கிழமை.

2.

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

(அ) "பாரசீகச் சமையலுக்கு ஆயிரமாண்டுப் பாரம்பரியம் உண்டு. அரிசியும் குங்குமப்பூவும்—"

[பள்ளிக் கட்டுரை மாதிரி இருக்கிறது. வேண்டாம்.]

(ஆ) "கலிபோர்னியாவில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஒன்று—"

[இது குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. வேண்டாம்.]

(இ) "அன்புள்ள—"

[இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தவன் இருபது நிமிடம் எடுக்கவில்லை.]

இதை எழுதுகிறவன் சத்தியமங்கலத்தில் நகராட்சிப் பள்ளியில் படித்தவன். தமிழ் இரண்டாம் தாளில் கடிதம் எழுதுதலுக்குப் பத்துக்குப் பத்து. இடம், தேதி, விளிப்பு, பொருள், "நிற்க" போட்டு அடுத்த விஷயம், கடைசியில் "இப்படிக்கு". இந்த வரிசை கலைந்தால் கை ஓடாது. கதை எழுதத் தெரியாது. ஆனால் கடிதத்தில் எழுத முடியாத ஒன்றைக் கதையில் எழுதலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறான். கதையில் "நான்" என்று எழுத வேண்டியதில்லை. "அவர்" என்று எழுதிக்கொள்ளலாம்.

ஆக, அவர். நஞ்சுண்டன். வயது அறுபத்தொன்று. லிவர்மோரில் வீடு. முப்பது வருடமாக சாப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்து, எந்த இடத்தில், எப்படி, எத்தனையாவது படியில் என்று வரிசையாக எழுதிக் கொடுப்பது அவர் வேலை.

நிற்க.

3.

இந்த உணவகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இன்னும் நடக்கிறது, நல்ல மனிதர்கள் நடத்துகிறார்கள். 680 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினால், சலவைக் கடைக்கும் வரிக் கணக்கு பார்க்கும் ஆபீசுக்கும் நடுவில் இருக்கிறது. முப்பத்தாறு வருடம் ஆகிறது. சுவரில் ஒரு கம்பளம், அதற்குப் பக்கத்தில் முப்பத்துமூன்று வளைவுள்ள பாலத்தின் படம். உட்கார்ந்ததும் கேட்காமலே சூடான ரொட்டியும் கால் வெங்காயமும் புதினாவும் வரும். தேநீருக்குச் சர்க்கரைக் கட்டி தனியாக வரும். அதைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும்.

சத்தியமங்கலத்துக்காரரும் மேலப்பாளையத்துக்காரரும் இரான்காரரின் கடையில் என்ன செய்கிறார்கள்?

காரணம் லேசானது. நூர் முகம்மதுவின் குடும்பத்துக்கு ஹலால் வேண்டும். நாகரத்தினம் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. இருவரும் ஒரே மேசையில் மனநிம்மதியோடு உட்கார அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் வேறு இடம் கிடையாது. உடுப்பி ஹோட்டலுக்குப் போனால் நூர் இரண்டாவது தோசையில் முகம் வாடிவிடுவார். ஆப்கானியர் கடைக்குப் போனால் நாகரத்தினம் வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். இங்கே நூருக்குக் கபாப் இருந்தது. நாகரத்தினத்துக்கு அந்தக் கூழ் இருந்தது.

அதன் பெயர் ஆஷ். கீரை, கொத்தமல்லி, பயறு, கொண்டைக்கடலை, பட்டையான சேமியா எல்லாம் கரைய வெந்து, மேலே பொரித்த வெங்காயமும் புதினாவும் புளித்த மோர்ச் சாறும் ஊற்றி வரும். நாகரத்தினம் அதற்குப் பச்சைக் கூழ் என்று பெயர் வைத்தாள். இப்போது பெஹ்சாத்தும் "மேடம், பச்சகூல்?" என்றுதான் கேட்கிறார்.

4.

2006. பிப்ரவரியில் நாகரத்தினத்தின் தம்பி கோபியில் பஸ் மோதி இறந்தான். முப்பத்திரண்டு வயது. இவர்கள் கிரீன் கார்டு மனு பாதியில் நின்றிருந்தது. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது என்றார் வக்கீல். அவள் போகவில்லை. போக வேண்டாம் என்று முடிவெடுத்தது யார் என்பதை—

[இந்த வரி இந்தக் கதைக்குத் தேவையில்லை. முடிவெடுத்தது நஞ்சுண்டன். அவ்வளவுதான்.]

அதன்பிறகு அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. சோற்றைப் பிசைவாள், பிசைந்ததை அப்படியே கொட்டுவாள். கஞ்சி குடித்தால் வாந்தி. ஆறு வாரத்தில் எடை நாற்பத்தொரு கிலோவுக்கு இறங்கியது. வான்மதிக்கு அப்போது எட்டு வயது. அம்மா ஏன் சாப்பிடுவதில்லை என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறாள்.

ஒரு ஞாயிறு நூர் முகம்மதுதான் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். கீரை சூப், முழு சைவம் என்று மெனுவில் போட்டிருந்தது. எல்லோரும் படித்தார்கள். நாகரத்தினம் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். கிண்ணத்தை அருகில் இழுத்துக்கொண்டாள். முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. பேசினால் நின்றுவிடுமோ என்ற பயம்.

நான்காவது ஞாயிறு. வீட்டுக்கு ஒரு கிண்ணம் பார்சல் வாங்க நஞ்சுண்டன் சமையலறை ஜன்னலுக்குப் போனேன்.

[திருத்தம்: போனார்.]

நூர் கார் எடுக்கப் போயிருந்தார். கமருன்னிசாவும் நாகரத்தினமும் குழந்தையோடு மேசையில் இருந்தார்கள். ஜன்னலில் பெஹ்சாத்தின் அக்கா மஹீன். சமையல் முழுக்க அவர் கைதான். மேடம் இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறார் என்ற பெருமையில், பெரிய அண்டாவின் மூடியைத் திறந்து காட்டினார். ஆட்டுக் கழுத்தெலும்பை ராத்திரி முழுக்கக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றில்தான் கீரையை வேகவைக்கிறாராம். அதுதான் அவர்கள் அம்மாவின் முறையாம். கறித் துண்டு எதுவும் கிண்ணத்தில் விழாததால் மெனு அச்சடித்தவர் சைவம் என்று போட்டுவிட்டார்.

நஞ்சுண்டன் பெஹ்சாத்தைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். பெஹ்சாத் பதறிவிட்டார். மார்பில் கை வைத்து, "என் கண்மேல்" என்றார். அவர்கள் ஊரில் வாக்குக் கொடுப்பது அப்படி. மேடத்துக்கு இனித் தனிப் பாத்திரம், எலும்பு கிடையாது என்றார். மெனுவிலும் அந்த வரியை அடித்தார். அதற்குப் பிறகு ஏழாம் மேசையில் யாரும் மெனுவைத் திறந்ததே இல்லை.

ஐந்தாவது ஞாயிறு கூழ் பாதிக் கிண்ணம் மிஞ்சியது. "இன்னைக்கு என்னமோ சப்புன்னு இருக்குதுங்" என்றாள் நாகரத்தினம். ஆறாவது ஞாயிறும் பாதி.

ஏழாவது ஞாயிறு கிண்ணம் காலி. நீலப் பூ தெரிந்தது.

நஞ்சுண்டன் அந்தப் பூவைப் பார்த்தார். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. எழுந்து போய் ஒரு கேள்வி கேட்டால் போதும். பதினாலு அடி தூரம்.

அவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று—

[இந்த வாக்கியம் பத்தொன்பது வருடமாக இப்படியே நிற்கிறது.]

(அடிக்குறிப்பு: கூழை நாகரத்தினம் மட்டும்தான் சாப்பிடுவாள். வான்மதிக்குச் சோறும் தயிரும், பிறகு கல்லூரி போனதும் கோழிக் கபாப். அது அம்மாவுக்குத் தெரியும். "அவ வாயி, அவ இஷ்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.)

5.

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன்.

இரான்காரர்களின் புத்தாண்டுக்கு நாலு நாள் இருந்தது. கல்லாவில் கண்ணாடி ஜாடியில் ஒரு சிவப்பு மீன், தட்டில் வளர்ந்த கோதுமை நாற்று. கமருன்னிசா அதைப் பார்த்துவிட்டு, "ரத்னக்கா, ஒங்க ஊரு முளப்பாரி" என்றாள். அந்தப் பேச்சிலிருந்துதான் விஷயம் வந்தது. சித்திரை முதல் நாள் லிவர்மோர் கோயில் சமையலறையில் நாகரத்தினத்தின் முறை. எல்லோரும் புளியோதரையும் பொங்கலும் செய்கிறார்கள். தான் பச்சைக் கூழ் செய்யப் போவதாக ஏற்கெனவே கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. செய்முறை மட்டும் வேண்டும்.

வான்மதி சிரித்தாள். "அம்மா, இட்ஸ் எ ரெஸ்டாரண்ட். தே டோண்ட் கிவ் ரெசிப்பீஸ்."

"கேட்டாத்தானே தெரியும்" என்று நாகரத்தினம் கையை உயர்த்தி பெஹ்சாத்தைக் கூப்பிட்டாள்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவையே எழுதச் சொல்கிறேன், பாரசீகத்தில் எழுதுவார், கீழே நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன் என்றார். போனில் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு நாகரத்தினம் வேண்டாம் என்று தலையாட்டினாள். காகிதத்தில் வேண்டும், அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொள்ள வேண்டும். தபாலில் போட்டுவிடுகிறேன் என்றார் அவர். அவள் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் வீட்டு முகவரியை எழுதினாள்.

நஞ்சுண்டன் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை உறிஞ்சினார். கட்டி கரைகிற வரைக்கும் பேச வேண்டியதில்லை. எதிரே அவள் பின்கோடின் கடைசி எண்ணை எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள்.

ஆக நிலைமை இது, வாசகரே. ஒரு தபால் வரப் போகிறது. அதில் எலும்பு இருக்கும். அவள் அதைத் தனியாக, சமையலறையில் நின்று படிப்பாள். பத்தொன்பது வருடம் யாரெல்லாம் எதிரே உட்கார்ந்து தான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்ப்பாள். அதற்கு முன்னால் நஞ்சுண்டன் வாய் திறக்க வேண்டும்.

6.

இந்த இடத்தில் எழுத்து நின்றது. காரணம், நாகரத்தினம் என்ற பாத்திரம்.

அவளை எப்படி எழுதினாலும் என் வசதிக்கு ஏற்றபடி நல்லவளாகிக்கொண்டே போகிறாள். நாலு வரி எழுதினால் மன்னிக்கிறாள். எட்டு வரி எழுதினால் நஞ்சுண்டனுக்கே ஆறுதல் சொல்கிறாள். அடித்து அடித்துத் தாள் கிழிந்துபோனது. ஆகவே கற்பனையை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று. வான்மதி ஒரு பாடத்தில் தோற்றதை ஒரு செமஸ்டர் மறைத்தபோது நாகரத்தினம் பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. மூன்று வேளையும் தட்டு வைத்தாள், சூடாகப் போட்டாள், பேசவில்லை.

இரண்டு. 2011, கமருன்னிசாவின் வீடு. நாகரத்தினத்துக்கென்றே நீல மூடி போட்ட இரண்டு பாத்திரமும் ஒரு கரண்டியும் கமருன்னிசா தனியாக வைத்திருப்பாள். யாரும் கேட்டு வைத்ததில்லை. அன்று கூட்டத்தில் யாரோ பிரியாணிக் கரண்டியைக் கத்தரிக்காயில் போட்டுவிட்டார்கள். கமருன்னிசா பார்த்ததும் ஓடி வந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். நாகரத்தினம் தட்டைக் கீழே வைத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். வேறு தட்டுக் கேட்டாள்.

"நீ சொல்லிட்டீல்ல கமரு, அது போதும்" என்றாள். "தெரியாம நடக்கறதெல்லாம் தப்பில்ல. தெரிஞ்சவங்க சொல்லாம இருந்தாத்தான் அது ஏமாத்தறது."

நஞ்சுண்டன் அப்போது மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கவளம் இருந்தது. அதை வாயில் போட்டு மென்றார்.

இதற்குமேல் அந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சந்தேகமெல்லாம் அந்தக் கவளத்தை மென்றவர்மேல்தான்.

7.

திங்கள் மாலை, அதுவரை எழுதியதை நூர் முகம்மதுவிடம் காட்டினேன். அவர் ஆபீஸ் பார்க்கிங்கில், அவருடைய காரில். இப்போதுள்ள முதல் பகுதி அப்போது கிடையாது. கதை எழுதிப் பார்க்கிறேன், படித்துச் சொல்லுங்கள் என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். நடுவில் ஏசியை நிறுத்தினார்.

"இந்த நஞ்சுண்டன் கேரக்டர் நம்புற மாதிரி இல்ல வே" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"ஒரு பார்க்கிங் டிக்கெட்டப் பத்தி மூணு வாரம் பேசுன மனுசன், இதப் பத்தி பத்தொம்பது வருசம் வாய மூடிட்டு இருந்தாராக்கும்?"

அவர் தாள்களைத் தட்டி நேராக்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாக மலையைப் பார்த்தார்.

"கதைன்னு சொல்லி வாக்குமூலத்தக் கொண்டாந்து நீட்டுதீரு. சரி. ஒண்ணு கேக்கேன். அந்தக் கடைக்கு மொதல்ல கூட்டிட்டுப் போனது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப அவுங்க மனசுல மொதல்ல யாரு மொகம் வரும்?"

அதுவரை எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. பத்தொன்பது வருடமும் என் பயத்தை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கமரு நீல மூடிப் பாத்திரத்த இன்னும் தனியாத்தான் கழுவுதா" என்றார் நூர். "அவளப் போயி ரத்னம்மா ஒரு நிமிசம் சந்தேகமாப் பாத்துட்டாங்கன்னா, அத என்னால தாங்க முடியாது கேட்டீரா."

வீட்டுக்கு வந்து முதல் பகுதியை எழுதிச் சேர்த்தேன். நான்காம் பகுதியில் கார் எடுக்கப் போனதையும் மேசையில் இருந்தவர்களையும் சேர்த்தேன். அந்த மாலைவரை நூருக்குத் தெரியாது. கமருன்னிசாவுக்குத் தெரியாது. வான்மதிக்குத் தெரியாது. மேசையில் இருந்த ஐந்து பேரில் தெரிந்தவன் ஒருவன்.

அந்த நஞ்சுண்டன் நான்தான். இதை எந்த வாசகரும் எப்போதோ கண்டுபிடித்திருப்பார். எழுதியவனுக்கு எழுத இவ்வளவு நேரம் ஆயிற்று.

8.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தனியாகப் போனேன். ஏழாம் மேசையில், வழக்கமாக நாகரத்தினம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் சமையலறைக் கதவு திறக்கிறபோதெல்லாம் அண்டா தெரிகிறது.

கவர் தயாராக இருந்தது, இன்னும் ஒட்டவில்லை. அவள் எழுதிய முகவரித் துண்டையே மேலே பசை போட்டு ஒட்டியிருந்தார் பெஹ்சாத். உள்ளே ஒரு தாள். வலமிருந்து இடமாக மஹீனின் எழுத்து, கீழே ஆங்கிலம். முதல் மூன்று வரி கீரையும் பயறும். நான்காவது வரி: ஆட்டுக் கழுத்தெலும்பு இரண்டு, முந்தின இரவே.

கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தனிப் பாத்திரம் இரண்டு வாரம் நடந்திருக்கிறது. இரண்டு வாரமும் கிண்ணம் பாதியாகத் திரும்பி வந்ததைப் பார்த்து மஹீன் அழுதுவிட்டாராம். இந்தப் பெண் கண்முன்னால் மெலிந்துகொண்டிருக்கிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன் என்று பழைய அண்டாவிலிருந்தே ஊற்றியிருக்கிறார். பெஹ்சாத்துக்கு அது பிறகுதான் தெரியும். எனக்குச் சொல்லலாமா என்று யோசித்தாராம்.

"கிண்ணத்தை நீங்களும் பார்த்தீர்கள், மிஸ்டர் நஞ்சு. என்னையும் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை" என்றார். "எனக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன்."

ஜன்னலில் மஹீன் நின்றிருந்தார். எழுபத்தாறு வயது. என்னைப் பார்த்துக் கை அசைத்தார்.

பிறகு பெஹ்சாத் மார்பில் கை வைத்தார். என் கண்மேல், அந்த வரி இல்லாமல் வேறு தாள் எழுதித் தருகிறேன், அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டார்.

என் கதைக்கு அதைவிட நல்ல முடிவு கிடைக்காது. யாருக்கும் நோகாது. எல்லாம் இப்படியே இருக்கும். தலையை ஆட்டப் போனேன்.

அப்போது எங்கள் வீட்டு அடுப்பு கண்ணில் வந்தது. மூன்று வரி, பிறகு ஐந்தாவது வரி. அவள் செய்வாள். ருசி வராது. புதினா சரியில்லை என்று மறுபடி செய்வாள். கீரையை மாற்றுவாள். சேமியாவை மாற்றுவாள். ஐந்தாம் முறை கரண்டியை வைத்துவிட்டு, "எனக்குக் கைப்பக்குவம் பத்தலீங்" என்பாள். நான் பக்கத்தில் நின்று, பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்பேன். என் பொய்யை நானே கொண்டுபோய் அவள் கைமேல் ஏற்றிவைப்பேன்.

எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லி, கவரை வாங்கிக்கொண்டேன்.

9.

கைவசம் இருந்த முடிவுகள்:

(அ) காரில் திரும்பும்போது அவர் சொல்கிறார். அவள் சிரிக்கிறாள். "அதான பாத்தேன், வெறும் கீரைக்கு எங்கிருந்து இந்த ருசி."

[அவள் இப்படிச் சிரிக்கமாட்டாள்.]

(ஆ) அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தம்பி போன துக்கத்தில், உயிர் பிழைக்க வேண்டி, தெரிந்தே சாப்பிட்டாள்.

[இதை எழுதியபோது மனசு லேசானது. அதனாலேயே அடித்துவிட்டேன். செய்தது நான், பழி அவள்மேல் என்று ஆகிவிடும்.]

(இ) அவள் பேசவில்லை. மூன்று வேளை தட்டு வைக்கிறாள். பன்னிரண்டாம் நாள்—

[பன்னிரண்டாம் நாளை எழுத எனக்கு உரிமை இல்லை.]

நிற்க.

நேரில் ஏன் சொல்லவில்லை? சொல்ல ஆரம்பித்தால் அவள் முகத்தைப் பார்ப்பேன். முகத்தைப் பார்த்து வாக்கியத்தை மாற்றுவேன். எழுதியதை மேசைமேல் வைத்திருக்கலாமே? வைத்தேன். செவ்வாய் இரவு, பழத்தட்டுக்கு அடியில். பத்து நிமிடத்தில் நானே எடுத்துவிட்டேன். ஆகவே தபால். இந்த ஊரில் அந்த நீலத் தபால் பெட்டியில் போட்டது போட்டதுதான், போட்டவனே கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள்.

இதுவரை "வாசகரே" என்று யாரையோ அழைத்துக்கொண்டிருந்தேன். அதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ரத்தினம்,

கவரைத் திறந்ததும் முதலில் என் பக்கங்கள், பின்னால் மஹீன் எழுதிய தாள். நான்காவது வரி அதில் அப்படியே இருக்கிறது. நீ சாகாமல் இருந்ததற்கு அந்த வரியும் ஒரு காரணம் என்று எழுதத் தோன்றுகிறது. அது நியாயம் பேசுவது. அடித்துவிட்டேன். உன்னைக் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. முதல் வாரம் உன் உடம்புக்குப் பயந்தேன். அதற்குப் பிறகெல்லாம் உனக்குப் பயந்தேன். தம்பி காரியத்துக்கு நீ போகக்கூடாது என்று முடிவெடுத்ததும் நான், நீ எதைச் சாப்பிடுகிறாய் என்று முடிவெடுத்ததும் நான். இரண்டிலும் உன்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

கமருவும் நூரும் குற்றமற்றவர்கள். முதல் பக்கத்தைப் பார்.

சித்திரை முதல் நாள் கோயிலில் என்ன செய்வது, அந்தத் தாளை அடுப்புக்கு மேலே ஒட்டுவதா கிழிப்பதா, ஏழாம் மேசைக்கு இனிப் போவதா, என்னோடு பேசுவதா என்பதெல்லாம் உன் கையில். வருகிற ஞாயிறு ஒன்றேகாலுக்கு ஐந்து பேருக்கு மேசை சொல்லி வைத்திருக்கிறது. நான் உறுதி செய்யவும் இல்லை, ரத்து செய்யவும் இல்லை. இந்தக் கதைக்கு முடிவு எழுத வேண்டியவள் நீ. நான் எழுதினால் மறுபடியும் உன்னைக் கேட்காமல் செய்ததாகிவிடும்.

ஒட்டிய பிறகு எழுத முடியாது. ஆகவே இனி நடப்பதை நடந்ததாகவே எழுதிவிடுகிறேன்.

இடம்: லிவர்மோர் தபால் நிலையம். புதன்கிழமை, காலை ஒன்பது பத்து. நஞ்சுண்டன் பதினான்கு தாள்களை மூன்றாக மடித்து, உன் கையெழுத்து ஒட்டியிருந்த அந்தக் கவருக்குள் வைத்தார். கனத்தது, இரண்டு ஸ்டாம்பு ஒட்டினார். ஒரு வீட்டிலிருந்து அதே வீட்டுக்குப் போகும் கடிதம் என்பதால், அனுப்புநர் முகவரி எழுதும்போது ஒருமுறை தயங்கினார். பிறகு அதே முகவரியை எழுதினார். நாக்கால் ஓரத்தை ஈரமாக்கி, ஒட்டி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தினார். நீலப் பெட்டியின் கதவை இழுத்தார். கையை விட்டார். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்டது.

நீ இந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தால், அப்படித்தான் நடந்தது.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்